குச்சி உறையில் ஒரு முடிச்சு

இசக்காயா என்பது ஜப்பானியர் வேலை முடிந்து கூட்டமாகப் போய் உட்காரும் கடை. குடியும் உண்டு, சாப்பாடும் உண்டு. உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத்துண்டு வரும். அப்புறம் நாம் கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணத்தில் ஏதாவது தொடுகறி வரும். அதற்கும் பில்லில் காசு உண்டு என்பது முதல் தடவை போகிறவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவர் முன்னாலும் காகித உறைக்குள் ஒரு ஜோடி மரக்குச்சி படுத்திருக்கும். பீர் வரும்வரை கைக்கு வேறு வேலை கிடையாது. அந்த நேரத்தில் சுற்றிப் பார்த்தால் மேசைக்கு ஒருவராவது அந்த உறையை மடித்துக்கொண்டிருப்பார். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும், விரல்கள் அவைபாட்டுக்கு மடிக்கும்.

மடித்து முடித்ததும் அதைத் தனக்கு முன்னால் இடப்பக்கமாக வைத்து, குச்சியின் முனையை அதன்மேல் சாய்த்து வைப்பார்கள். ஹஷியோக்கி என்று பெயர். தாங்கி என்றே இங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஒரு சிக்கல் வருவதில்லை. கையை எங்கேயும் கழற்றி வைக்க வேண்டியதில்லையே. குச்சியால் சாப்பிடுகிறவர் தண்ணீர் குடிக்க, பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்ற, கிண்ணத்தைக் கை மாற்ற என்று பத்துத் தடவை அதைக் கீழே வைக்கிறார். எங்கே வைப்பது? மேசைமேல் வைத்தால் எச்சில் பட்ட முனை மேசையில் படும். மேசையில் இருக்கிற அழுக்கு திரும்ப வாய்க்கு வரும். கிண்ணத்தின் விளிம்பில் குறுக்கே வைக்கலாமா என்றால் கூடாது. அதற்கு வாதாஷிபாஷி என்று பெயரே வைத்து, தவறான பழக்கங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ‘எனக்குப் போதும், எடுத்துக்கொண்டு போ’ என்று சொல்வது மாதிரி ஆகிவிடும். சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பது அதைவிட மோசம். இறந்தவருக்குப் படைக்கிற சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் அப்படித்தான். தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும்போது செய்வது அது. இந்தப் பட்டியல் நீளமானது. அதில் பாதி, குச்சி சும்மா இருக்கும்போது எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியதுதான்.

நல்ல உணவகங்களில் பீங்கானிலோ மரத்திலோ தாங்கி இருக்கும். மீன், கத்தரிக்காய், இலை என்று பருவத்துக்கு ஏற்ற வடிவங்களில் அவற்றைச் சேகரிக்கிறவர்களும் உண்டு. இதன் பூர்வீகத்தைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்தோவின் வழிபாட்டில் போய் நிற்பார்கள். கடவுளுக்குப் படைக்கும்போது குச்சியை வைக்க, இரண்டு பக்க விளிம்பும் உள்ளே மடிந்து காது மடல்போல் இருக்கும் சிறிய சுட்டமண் தட்டு ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அதிலிருந்து வந்ததுதான் இது என்பார்கள். சாமிக்கே தாங்கி வேண்டியிருந்திருக்கிறது.

சாதாரணக் கடையில் பீங்கானெல்லாம் கிடையாது. உறை மட்டும் இருக்கிறது.

உறை என்றால் எல்லாம் ஒன்றல்ல. குச்சியை முழுதாக மூடும் நீளமான உறை ஒரு வகை. குச்சியின் பாதியை மட்டும் மூடி, மேல்பாதியை வெளியே விடும் குட்டை உறை இன்னொரு வகை. இடுப்புக்குக் கட்டிய துணிமாதிரி குச்சியின் நடுவில் மட்டும் சுற்றியிருக்கும் பட்டையும் உண்டு. உள்ளே இருப்பது வாரிபாஷி, அதாவது பிளந்து பயன்படுத்தும் மரக்குச்சி; பெரும்பாலும் 21 அல்லது 24 சென்டிமீட்டர் நீளம். நாரா பகுதியில் இருக்கும் யொஷினோவின் செடார் மரக் குச்சிகளுக்குத் தனி மதிப்பு. சாக்கே என்ற அரிசி மதுவின் பீப்பாய்க்குப் பலகை அறுத்த பிறகு மிஞ்சிய துண்டுகளில் அவற்றைச் செய்தார்கள். நடுவில் தடித்து இரண்டு பக்கமும் கூர்மையாகப் போகும் ஒரு வகைக்குத் தேநீர்ச் சடங்கின் பேராசான் சென் நோ ரிக்யூவின் (1522–1591) பெயர். விருந்தாளி வரும் அன்று காலையில் தானே உட்கார்ந்து செடார் துண்டைச் சீவிக் குச்சி செய்வாராம். ஜப்பானிய வீடுகளில் அப்பாவுக்கு ஒரு ஜோடி, அம்மாவுக்கு ஒரு ஜோடி என்று அவரவருக்குத் தனிக் குச்சி. ஒருவர் குச்சியை மற்றவர் எடுப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில், வெளியே சாப்பிடும்போது இதுவரை யார் வாயும் படாத குச்சி என்பதற்குச் சாட்சி சொல்வது அந்த உறைதான். அதை உருவி எடுத்து ஓரமாகப் போட மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒருவர் இருக்கிறார். எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே மடிப்புதான் மடிப்பார், அதுவும் பார்க்காமலே. உறையை நீளவாக்கில் மடித்து, ஒரு முடிச்சுப் போட்டு, தட்டையாக்கி வைத்துவிடுவார். இளைஞர்கள் கொக்கு, சட்டை, விசிறி என்று போட்டி போடும்போது அவருடையது பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் இத்தனை காலம் பார்த்ததில் என் தீர்ப்பு இதுதான்: தாங்கி என்ற வேலையை முழுசாகச் செய்வது அந்த முடிச்சு மட்டும்தான். மற்றதெல்லாம் பொம்மை. அழகான பொம்மை, சரி, அதனால் என்ன?

இதற்கு சியோமுசுபி என்று ஒரு மங்கலப் பெயர் உண்டு. பழைய காலத்தில் கடிதத்தை நீளப் பட்டையாக மடித்து முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள், முக்கியமாகக் காதல் கடிதங்களை. அதே முடிச்சுதான்.

போடுவது எப்படி என்றால், குச்சியை உருவிவிட்டு உறையை மேசையில் வைத்துக் காற்றுப் போக நீவிக்கொள்ளுங்கள். நீளவாக்கில் இரண்டாகவோ மூன்றாகவோ மடியுங்கள். இப்போது கையில் இருப்பது ஒரு நாடா. ஒரு முனையை இன்னொன்றின் மேல் போட்டு வளையமாக்கி, கீழே இருந்து உள்ளே விட்டு வெளியே எடுங்கள். சாதாரண முடிச்சுத்தான், பூக்கட்டுகிறவர்கள் விரல் நுனியில் போடுவதைவிடவும் சுலபமானது. இனிதான் கவனம் வேண்டும். இரண்டு முனையையும் வெடுக்கென்று இழுத்தால் காகிதம் கசங்கிக் கயிறாகிவிடும். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று இழுத்து, ஒவ்வொரு மடிப்பும் நாடாவின் ஓரத்தோடு ஒட்டி உட்காரும்வரை விரலால் தட்டையாக்கிக்கொண்டே வர வேண்டும். இடைவெளி எல்லாம் மூடியதும் கையில் ஓர் ஐங்கோணம் இருக்கும்.

அது உத்தேசமான ஐங்கோணம் கிடையாது. ஐந்து பக்கமும் சமம், ஐந்து கோணமும் 108 பாகை. அளவுகோல் இல்லை, கவராயம் இல்லை, நாடாவின் அகலம் முழுக்க ஒன்றாக இருந்தால் போதும். வரைந்து காட்டச் சொன்னால் பள்ளியில் பாதிப் பேர் திணறும் வடிவம் ஒரு முடிச்சில் தானாக வந்து விழுகிறது. மெல்லிய காகிதத்தில் போட்டு, ஒரு வாலை ஐங்கோணத்தின் மேலாகத் திருப்பி மடித்து, விளக்குக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். கடை உறை பல அடுக்காகிவிடுவதால் அதில் தெரியாது. வீட்டில் ஒற்றைத் தாள் பட்டையில் செய்து பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கிற புத்தி இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம். அந்த முடிச்சுக்குள் நாடா நான்கு தடவை ஐங்கோணத்தின் குறுக்கே போகிறது, மூன்று இடத்தில் மடிகிறது. நான்கையும் சேர்த்தால் நாடாவின் அகலத்தைப்போல ஏறக்குறைய ஐந்தரை மடங்கு நீளம் முடிச்சே விழுங்கிவிடும். வால் வேண்டுமென்றால் ஏழு மடங்காவது இருக்க வேண்டும். குட்டை உறை 12 சென்டிமீட்டர் நீளமும் மூன்றரை அகலமும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே முடிச்சுப் போட்டால் வராது. மூன்றரை மடங்குகூட இல்லை. பாதியாக மடித்தால் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் வால் மிஞ்சும், முக்கி முக்கி வரும். மூன்றாக மடித்தால் பத்து மடங்கு, தாராளம். முடிச்சு வரவில்லை என்று கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் பட்டையைப் போதுமான அளவு ஒல்லியாக்காதவர்கள்தான்.

இன்னொன்று: கடைசியில் நகத்தால் அழுத்தித் தேய்த்துவிடாதீர்கள். ஓரிகாமி என்ற காகித மடிப்புக் கலை பழகியவர்களுக்கு அந்தக் கை தானாகப் போகும். கூர்மையான மடிப்பு இங்கே வேண்டாத குணம். முழுக்க நசுக்கினால் உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது. தளர்வாக விட்டால் அரை சென்டிமீட்டருக்கு மேலே நிற்கும். வால்கள் இரண்டும் அகட்டிய கால்கள்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; அவற்றைக் கொஞ்சம் கீழே வளைத்துவிட்டால் முடிச்சு மேசையிலிருந்து எழும்பி நிற்கும்.

எவ்வளவு உயரம் தேவை என்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. குச்சியின் முனையில் ஒன்றரை சென்டிமீட்டர், மிஞ்சிப்போனால் மூன்று சென்டிமீட்டர்தான் நனையலாம் என்று ஜப்பானிய மேசைப் பழக்கத்தில் ஒரு பழைய அளவு உண்டு. அதற்குமேல் நனைத்துச் சாப்பிடுகிறவரை நாகரிகம் போதாதவர் என்பார்கள். தாங்கியில் வைக்கும்போது நனைந்த அந்தப் பகுதி தாங்கியைத் தாண்டி அந்தரத்தில் நிற்க வேண்டும். தாங்கியில் படுவது உலர்ந்த பகுதி. அப்படி வைத்தால் பீங்கானும் அழுக்காகாது, காகிதமும் ஊறிப்போகாது. முனை மேசையைத் தொடாமல் இருக்க அரை சென்டிமீட்டர் தாராளம். சோயா சாஸில் ஊறிக் குழைந்துபோன காகிதத் தாங்கி எதையாவது பார்த்தால், வைத்தவர் குச்சியை எதுவரை முக்குகிறார் என்று தெரிந்துவிடும்.

இந்த அளவுகோலை வைத்து மற்ற மடிப்புகளைப் பார்த்தால் பாதி தோற்றுப்போகும். கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொக்குக்குச் சதுரத் தாள் வேண்டும். உறையைக் கிழித்தால் கிடைப்பது மூன்று நான்கு சென்டிமீட்டர் சதுரம். அதில் மடிப்பதே பெரிய வித்தை. ஆனால் கழுத்துக்கும் இறக்கைக்கும் நடுவே குச்சியை வைத்த உடனே தலைகுப்புற விழும். ஒரே தாளில் வெட்டுக் கொடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் கொக்குகளாக மடிக்கும் முறைகளை 1797-லேயே புத்தகமாகப் போட்ட நாடு அது. கொக்கு மேல் அவர்களுக்கு இருக்கும் மோகத்தை நான் குறை சொல்லவில்லை. குச்சியை அதன் முதுகில் ஏற்ற வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

நெளிநெளியாக மடிக்கிற விசிறி மடிப்பு சுலபம், குழந்தைகள்கூடச் செய்வார்கள். பள்ளத்தில் குச்சி உருளாமல் உட்காரும். ஆனால் காகிதம் விரியப் பார்க்கும். ஐந்து நிமிடத்தில் நெளிவு தணிந்து படுத்துவிடும். இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு அடங்கும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். உறையின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மேசையில் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ண முடியாது. எனவே இந்த மடிப்பு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

முடிச்சுக்கு அடுத்த இடத்தை நான் முக்கோணக் குழாய்க்குத் தருவேன். நீளவாக்கில் பாதியாக மடித்த உறையை நான்கு சம பங்காக மடித்து, மூன்று பங்கைக் கூடாரம்போல நிறுத்தி, நான்காவதைக் குழாய்க்குள் செருகிவிடுவது. உறையே ஒரு பை என்பதால் ஒரு முனை இன்னொரு முனையின் வாய்க்குள் அழகாகப் புகும். உயரம் உண்டு, விரியாது. கூர்மையான முதுகில் குச்சி நழுவும் என்பதுதான் குறை. உருண்டைக் குச்சி என்றால் கேட்கவே வேண்டாம். மேல் விளிம்பை விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பள்ளமாக்கினால் சரியாகிவிடும்.

இதெல்லாம் பீர்க்கடைப் பொழுதுபோக்கு என்று நினைத்தால், காகிதத்தை மடித்துப் பொருளைப் பொதியும் பழக்கத்துக்கு ஜப்பானில் மிகக் கறாரான ஒரு வம்சாவளி உண்டு. சாமுராய்க் குடும்பங்களில் எந்தப் பொருளை எப்படிப் பொதிந்து கொடுக்க வேண்டும் என்று விதிகள் இருந்தன. அவற்றை 1764-இல் எழுதி வைத்தவர் இசே சதாதாகே. அந்த மரபின் வாசனை இன்றும் புத்தாண்டில் வீடுகளுக்குள் வரும். வில்லோ மரத்தில் செய்த, இரண்டு முனையும் கூர்மையான குச்சியை அலங்கார உறையில் போட்டு, வீட்டில் ஒவ்வொருவர் பெயரையும் உறைமேல் எழுதுவார்கள். ஒரு முனையில் மனிதர் சாப்பிடுகிறார், மறு முனையில் கடவுள் சாப்பிடுகிறார் என்பது கணக்கு. அந்த உறையை யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள்.

மடித்தவர் எழுந்து போன பிறகு அது என்ன ஆகும்? ஈரத்துண்டோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். யூக்கி தாட்சுமி என்ற கலைஞர் மட்டும் அதைக் குப்பை என்று பார்க்கவில்லை. உணவகத்தில் பரிமாறும் வேலை செய்துகொண்டிருந்தபோது, வாடிக்கையாளர்கள் மேசையில் விட்டுப்போன மடிப்புகளைக் கவனித்தார். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. இதுதான் அவர்கள் நன்றியாக விட்டுப்போகும் டிப்ஸ் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ‘ஜப்பானிய டிப்ஸ்’ என்றே பெயர் வைத்து, நாட்டின் 47 மாகாணங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சேர்த்துக் கண்காட்சியாக வைத்தார். நாய், பூ, முறுக்கிய கயிறு, என்னவென்றே சொல்ல முடியாத சுருள் என்று எல்லாம் அதில் உண்டு. அவர் சொல்கிற நன்றி எல்லா மடிப்பிலும் இருக்கிறதா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். மேலதிகாரி ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது வேறு போக்கிடம் இல்லாமல் மடித்ததும் அதில் நிறைய இருக்கும். ஆனாலும், எறிந்துவிடுகிற ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கத் தோன்றியதே, அது பெரிய விஷயம்தான்.

எல்லா இடத்திலும் மடிக்கலாமா என்றால், பீங்கான் தாங்கி வைத்திருக்கும் இடத்தில் மடிக்கக் கூடாது. அங்கே உறையை ஓரமாக வைத்துவிட வேண்டும். தாங்கி இல்லாத இடத்தில் முடிச்சுப் போடுவதை மரியாதை தெரிந்தவர்களும் ஏற்றுக்கொள்வார்கள். முடிச்சு மற்றவற்றை ஜெயிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சாப்பிட்டு முடிந்ததும் எச்சில் முனை வெளியே தெரியும்படி குச்சியை விட்டுப்போவது அழகில்லை. மடிக்காத உறை என்றால் குச்சியைத் திரும்ப அதற்குள் போட்டு, உறையின் முனையைக் கொஞ்சம் மடித்து வைப்பார்கள். நாம் சாப்பிட்ட இலையை மூடுவது மாதிரி, ‘முடிந்தது, இது பயன்படுத்தியது’ என்று பரிமாறுகிறவருக்குச் சொல்லும் அடையாளம். உறையைக் கொக்காக மடித்தவருக்கு இப்போது போக்கிடம் இல்லை. முடிச்சுப் போட்டவர் முனையை அந்த மடிப்புக்குள்ளேயே செருகிவிட்டு எழுந்திருக்கலாம். எங்கள் அலுவலகப் பெரியவர் அதைச் செய்யும் நேர்த்தியைப் பார்த்த பிறகுதான் முடிச்சைத் தளர்வாக விடுவதன் முழு அர்த்தமும் எனக்குப் புரிந்தது.

மடிப்பதற்குக் காகிதம் கிடைப்பதே இப்போது குறைந்து வருகிறது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் நடுவில் ஜப்பானில் ஆண்டுக்குச் சுமார் 2,500 கோடி ஜோடி வாரிபாஷி செலவானது, தலைக்கு ஏறக்குறைய 200 ஜோடி. அதில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்தது. 2006-இல் சீனா இந்தக் குச்சிகள்மேல் 5 சதவீத வரி போட்டது. காடு அழிகிறது என்ற பேச்சும் சேர்ந்துகொள்ள, பல சங்கிலிக் கடைகள் கழுவிப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் குச்சிக்கு மாறின. அவை மேசைமேல் ஒரு பெட்டியில் மொத்தமாகக் கிடக்கும், உறை கிடையாது. ராமென் என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் கடைகளில் அநேகமாக இப்படித்தான். மூலைக்கு மூலை இருக்கும் கன்வீனியன்ஸ் கடைகளில் தருவது பிளாஸ்டிக் படலத்தில் அடைத்த குச்சி, உள்ளே ஒரு பல்குச்சியும் இருக்கும். அந்தப் படலத்தை என்ன மடித்தாலும் விரல் எடுத்ததும் சுருண்டு பழையபடி ஆகிவிடும். முடிச்சு மட்டும் அதிலும் ஓரளவு நிற்கும். தட்டையாக உட்காராது, ஆனால் அவிழாது.

வீட்டில் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சூப்பர்மார்க்கெட் பில்லை எடுக்காதீர்கள். நீளமாக, ஒல்லியாக, இதற்கென்றே செய்ததுபோல்தான் இருக்கும். ஆனால் அது வெப்பத்தில் அச்சாகும் தாள். நகம் உரசினாலே கறுக்கும், மேலே ரசாயனப் பூச்சும் உண்டு. வாயில் வைக்கிற எதுவும் அதன்மேல் படக் கூடாது. சாதாரண எழுதும் தாளை நீளவாக்கில் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிழித்து, பாதியாக மடித்துக்கொண்டால் போதும். ஏ4 தாளின் நீளத்துக்கு வால் அதிகமாகவே மிஞ்சும். மிஞ்சியதைக் கத்தரிக்காமல் பின்பக்கமாக மடித்து முடிச்சுக்கு அடியில் செருகினால் உயரம் இன்னும் கொஞ்சம் கூடும்.